வளர்ச்சி ஓமோன் குறைவும் பிந்தும் பருவமும்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது முடிந்துவிட்டது. உயரம் 139 சென்ரிமீற்றர்தான். குரல் உடையவில்லை, மீசையும் அரும்பவில்லை. வளர்ச்சி ஓமோன் குறைவாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இதனால் அவனது ஆண்மையும் பாதிக்கப்படுமா?
– ஒரு தாய், நிலாவெளி, திருகோணமலை

பதில்: அம்மா, இந்த உயரம் வைத்தியரிடம் காட்ட வேண்டிய அளவுக்குக் குறைவுதான், ஆனால் ஆண்மையைப் பற்றிய அச்சத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளாதீர்கள். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் வளர்ச்சி ஓமோன் எலும்பை நீளச் செய்கிறது. விதைகளைத் தூண்டிப் பருவ மாற்றங்களைத் தொடக்குபவை அதே சுரப்பியின் வேறு ஓமோன்கள். ஆகவே வளர்ச்சி ஓமோன் மட்டும் குறைந்த பையன் குழந்தை முகத்தோடும் வயிற்றைச் சுற்றிய கொழுப்போடும் குள்ளமாக இருப்பான், பருவமும் பிந்தும். ஆயினும் அது வராமற் போவதில்லை, பெரும்பாலானோருக்குப் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றிலும் குறை நேர்வதில்லை. மற்ற ஓமோன்களும் சேர்ந்து குறைந்திருந்தால் பருவம் தானாக வராது; அப்போது டெஸ்டோஸ்டெரோன் சிகிச்சை தேவைப்படும். பிறந்தவுடன் இவனுக்குச் சீனி அளவு இறங்கியதா, ஆண்குறி மிகச் சிறிதென்று எவரேனும் சொன்னார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்; கபச்சுரப்பிக் குறைபாடு பிறவியிலேயே இருந்தால் இவை தென்படக்கூடும்.

உண்மையில், ஆண் பிள்ளைகளில் பருவம் பிந்துவதற்கு மிகப் பொதுவான காரணம் நோயே அன்று, குடும்ப வழியாக வரும் தாமதம். தந்தையோ தாய்மாமனோ பாடசாலைக் காலைக்கூட்டத்தில் வரிசையின் முன்னால் நின்று, பின்னர் திடுமென நெடுத்தவர்களா என்று விசாரியுங்கள்.

சிறு வயதில் எடை, உயரம் குறித்த பதிவேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பருவத்துக்கு முன் ஆண்டுக்கு 4 சென்ரிமீற்றர்கூட வளராத பிள்ளையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வைத்தியர் முட்டை வடிவ மணிகள் கோத்த மாலையொன்றை வைத்து விதையின் பருமனை ஒப்பிடுவார். 14 வயதிலும் அது 4 மில்லிலீற்றரை எட்டாவிட்டால் பருவம் பிந்தியதாகக் கொள்வர். இடது கையின் எக்ஸ்ரே எலும்பின் வயதைச் சொல்லும். தைரொயிட்டையும் பார்ப்பார்கள். தனியார் ஆய்வுகூடத்தில் வளர்ச்சி ஓமோனை ஒருமுறை மட்டும் அளந்து பார்ப்பது வீண் செலவு. அது விட்டுவிட்டு, பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில் சுரப்பதால், மருந்து கொடுத்துத் தூண்டி, பல முறை குருதி எடுத்தே அளக்க வேண்டும்.

குறைவு உறுதியானால் தினமும் இரவில் தோலுக்கடியில் ஊசி போடப்படும். எலும்பு நுனிகள் மூடிக்கொண்ட பின் இவ்வூசியால் உயரம் கூடாது; உயரம் கூட்டுமென்று விற்கப்படும் மாவுகளில் மாதங்களைக் கழிக்காதீர்கள். தலைவலியோ பார்வை மங்கலோ இருந்தால், கிளினிக் திகதிக்குக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.