பழைய ஆங்கில நாவல்களில் பெண்களுக்குத் திருமணம் ஏன் ஒரே வழியாகத் தெரிகிறது?

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் கதைகளில் வரும் பெண்கள் ஏன் எந்நேரமும் திருமணத்தையே நினைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருக்கும் வீடு யாருக்கு என்று பார்த்தால் விடை கிடைக்கும் என்பது என் கருத்து. எங்கள் கீழக்கரையில் மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றில் மகளுக்கு வீடு கொடுத்தே நிக்காஹ் முடிப்பார்கள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். 1813இல் வெளிவந்த ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் நிலைமை இதற்கு நேர்மாறானது: ஆண் வாரிசுக்கே சொத்து என்ற கட்டுப்பாட்டினால், தந்தை கண்மூடிவிட்டால் ஐந்து மகள்களின் வீடும் உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். மணமான பெண் தன் பெயரில் தனிச் சொத்து வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் பரவலாக வழிசெய்தது.

அந்தக் காலின்ஸைக் காதல் துளியும் இல்லாமல் மணக்கிறாள், அந்த மகள்களில் ஒருத்தியின் தோழியான 27 வயது ஷார்லட். அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணமான பிறகு அவள் எந்த அறையில் உட்காருகிறாள் என்று கவனியுங்கள். சாலையைப் பார்த்த முன்னறை கணவனுடையது. இவள் வேண்டுமென்றே பின்பக்கத்து அறையைத் தேர்ந்துகொள்கிறாள், ஏனென்றால் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாத அந்த அறைக்கு அவன் அடிக்கடி வரமாட்டான். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவனை வெளியே அனுப்புவதும் அவளேதான்.