பதிவு செய்யாத ட்ரோனைப் புதுச்சேரிக் கடற்கரையில் பறக்கவிட்டால் தண்டனை உண்டா?

உண்டு. ட்ரோன் என்பது ஆள் ஏறாத விமானம். சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கிறது. ஆராய்ச்சி போன்ற சில விலக்குகள் தவிர, தனி அடையாள எண் பெறாமல் ட்ரோனைப் பறக்கவிடக் கூடாது என்கின்றன 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்.

காரணம் எளிது. மாலையில் காந்தி சிலையருகே குழந்தைகள் ஓடியாடும் கூட்டத்தில், சுழலும் இறக்கைகளோடு ஒரு ட்ரோன் விழுகிறது. இயக்கியவர் எங்கோ ஒரு மொட்டை மாடியில் நிற்கிறார். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? இடித்துவிட்டு ஓடும் பைக்கை நம்பர் பிளேட் காட்டிக்கொடுப்பதைப் போல, இந்த எண் உரிமையாளரைக் காட்டும். ட்ரோனின் வரிசை எண்ணோடும் அதன் பறப்புக் கட்டுப்பாட்டுக் கருவியோடும் இது இணைக்கப்பட்டிருக்கும்.

விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். வேண்டுமென்றே உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து விளையும்படி பறக்கவிட்டால் அது குற்றம்: 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விமானச் சட்டமான பாரதிய வாயுயான் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருப்பதால், எங்கே ட்ரோன் பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதையும் தயவுசெய்து பாருங்கள்.

250 கிராமுக்குள் இருந்தால் எதுவும் தேவையில்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சலுகை இயக்குபவரின் உரிமத்துக்குத்தான், பதிவுக்கு அல்ல.