ஐடியை முடக்கிவிட்டால் யாரிடம் போவது?

உணவு டெலிவரி போல செயலி வழியே வேலை செய்பவர்கள் தமிழ்நாடு அரசின் நலவாரியத்தில் பதிவுசெய்ய நான் உதவிவருகிறேன். அவர்களும் வீட்டாரும் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி (பெரம்பூர்): மூன்று வருடமாக உணவு டெலிவரி செய்கிறேன். சாப்பாடு வரவில்லை என்று ஒருவர் புகார் சொன்னதும் என் ஐடியை, அதாவது செயலிக் கணக்கை, முடக்கிவிட்டார்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன் அண்ணா.

பதில்: தம்பி, செயலி இன்னும் திறக்கிறதென்றால் இப்போதே ஆர்டர் எண், ஒப்படைத்த நேரம், வாரக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முழுவதும் மூடிவிட்டால் உங்கள் உழைப்புக்கு உங்களிடமே சாட்சி இருக்காது. பிறகு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். செயலிக்குள் போடும் புகார் மட்டும் போதாது. சென்ற மாதம் ஓர் இளைஞருடன் உட்கார்ந்து அப்படிப் புகார் எழுதினேன். நான்கு முறை எழுதினோம், நான்கு முறையும் ஒரே வாக்கியம் பதிலாக வந்தது. வண்டித் தவணை கட்ட வேண்டிய நாள் அது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

செயலியின் கணினி கணக்குப் போடட்டும். ஒருவருடைய பிழைப்பை நிறுத்துவதை மனிதர் முடிவுசெய்ய வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 14 நாள் முன்னறிவிப்பும் எழுத்தில் காரணமும் தராமல் செயலி வழியே வேலை செய்பவரை நீக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல், கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்று விதித்தது. நம் நலவாரியம் உதவித்தொகைக்கானது, ஐடியை மீட்டுத் தராது. அதனால்தான் இங்கேயும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்கிறேன்.

கேள்வி (தாம்பரம்): இ-ஷ்ரம் அட்டை வைத்திருக்கிறேன். வாரியத்திலும் சேர வேண்டுமா?

பதில்: சேருங்கள். இ-ஷ்ரம் 2021இல் மத்திய அரசு தொடங்கிய பதிவேடு. வாரியம் மாநில அரசுடையது, 2023 டிசம்பரில் அமைந்தது. மாநில அரசின் விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி வாரியத்தின் வழியாகத்தான் வரும்.

கேள்வி (மதுரை): மகன் பி.இ. முடித்துவிட்டு டெலிவரிக்குப் போகிறான். படித்த படிப்பு வீணா ஐயா?

பதில்: வீணில்லை அம்மா, அவனைக் குறைவாகவும் நினைக்காதீர்கள். 2020–21இல் நாட்டில் இப்படி நிரந்தரமில்லாத ‘கிக்’ வேலைகளில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029–30இல் அது 2.35 கோடி ஆகும் என்றும் மத்திய அரசின் கொள்கை அமைப்பான நிதி ஆயோக் கணக்கிட்டது. இவ்வளவு பேர் செய்யும் வேலைக்கு மரியாதை இல்லையென்றால் குறை வேலையில் இல்லை.

கேள்வி (அம்பத்தூர்): பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

பதில்: வரலாம். வந்தவர்கள் என்னிடம் முதலில் சொல்வது கழிப்பறைப் பிரச்சினையைத்தான். ஆர்டர் எடுக்கும் கடையில் பல இடங்களில் விடமாட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வண்டி ஓட்டும் சகோதரிகளைத் தெரியும். சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் கழிப்பறையோடு குளிர்சாதன ஓய்வறை திறந்தது. அது ஒவ்வொரு பகுதியிலும் வர வேண்டும்.

கேள்வி (சேலம்): தம்பிக்குக் காது கேட்காது. சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: காது கேளாதவர்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். வழியை வரைபடம் காட்டிவிடுகிறது. கதவருகே வந்த பிறகுதான் சிக்கல்: வாடிக்கையாளர் போன் செய்வார், தம்பியால் பேச முடியாது, எடுக்கவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். சேரும்போதே காது கேளாதவர் என்று பதிவுசெய்யச் சொல்லுங்கள். ‘எனக்குக் காது கேட்காது, குறுஞ்செய்தி அனுப்புங்கள்’ என்ற வரியைப் போனில் தயாராக வைத்து, ஆர்டர் எடுத்த உடனே அனுப்பட்டும்.