சாக் கோடு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் போட்டோகிராபி பாடத்துக்கு வாரம் ஒரு ஷூட். முதல் வாரம் லைன், அடுத்து ஷேப், அப்புறம் டெக்ஸ்சர், பேட்டர்ன், டோன், கலர். ஒவ்வொன்றுக்கும் பத்துப் படம் எடுத்து, என்ன செய்ய நினைத்தோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

லைனுக்கு நாயக்கர் மகால் தூண்களை எடுத்தேன். டெக்ஸ்சருக்கு ஒரு பழைய மரக்கதவு. பேட்டர்னுக்கு எங்கள் தெருக் கோலங்கள். கலருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மார்க் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் போன வாரம் எல்லோருடைய படங்களையும் வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள். என் படம் எது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. பாதிப் பேர் அதே தூண், அதே மாதிரிக் கதவு.

இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு படம். அப்பா டெய்லர், வீட்டு முன்னறைதான் கடை. ஒரு நாள் சாயங்காலம் அவர் துணியில் சாக்கால் கோடு போடுவதை எடுத்தேன். படத்தில் கை கலங்கிவிட்டது. எந்த வாரத்துக்காகவும் எடுத்ததில்லை என்பதால் அதைக் கொடுக்கவும் இல்லை.

இந்தப் பயிற்சிகளால் உண்மையில் பயன் உண்டா? என்னிடம் ஒரு பழைய கேமராவும் அதோடு வந்த கிட் லென்ஸும்தான் இருக்கின்றன. நல்ல கேமரா வாங்கினால் மாறுமா? பிளாக் அண்ட் ஒயிட்டில் எடுத்தால் இதெல்லாம் எளிதாகப் புரியும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

அன்புடன்,
ர., மதுரை


அன்புள்ள ர.,

பயன் உண்டு. நிறையவே உண்டு. உங்கள் ஆசிரியர் தந்திருப்பது நல்ல பயிற்சி, முழு மனதோடு செய்யுங்கள். கேமரா இப்போதைக்கு வாங்க வேண்டாம். கிட் லென்ஸ் போதும்.

1916-ல் பால் ஸ்ட்ராண்ட் என்ற இளம் புகைப்படக்காரர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு கோடைக்காலத்தைக் கழித்தார். அங்கே அவர் எடுத்தவை சமையலறைக் கிண்ணங்களும், வராந்தாவில் விழுந்த கம்பி நிழல்களும்தான். கிண்ணங்களை அருகருகே வைத்து, விளிம்பு விளிம்பாக, கிண்ணம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு நெருங்கி எடுத்திருக்கிறார். உங்கள் ‘ஷேப்’ வாரம்தான் அது. அதே 1916-ல் நியூயார்க் தெருவில் கழுத்தில் ‘குருடு’ என்று எழுதிய அட்டையோடு நின்ற ஒரு பெண்ணையும் அவர் படமெடுத்தார். நெஞ்சில் வெள்ளைச் செவ்வகமாக அந்த அட்டை, அதற்கு மேலே சின்னதாக ஒரு பேட்ஜ், அதற்கும் மேலே முகம். வேறு எதுவுமே இல்லை. கிண்ணங்களை அடுக்கிப் பழகிய கண்தான் அந்தப் பெண்ணைச் சுற்றியிருந்த தெருவை முழுக்க வெளியே தள்ளியது என்று நான் நம்புகிறேன். பிற்காலத்தில் அவர் பெரும்பாலும் மனிதர்களையும் ஊர்களையும்தான் எடுத்தார்.

ஆகவே உங்கள் சிக்கல் பயிற்சியில் இல்லை. லைன் என்றதும் கோடு இருக்கும் இடத்துக்குப் போகிறீர்கள், கலர் என்றதும் வண்ணம் இருக்கும் இடத்துக்குப் போகிறீர்கள். உங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் கிளம்பியிருப்பார்கள். மதுரையில் கோடு என்றால் மகால், வண்ணம் என்றால் பூ மார்க்கெட். அங்கே போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. அந்தத் தூணை நிறுத்தியவர்கள் செய்த வேலை அது. கோலத்தை நேர் மேலேயிருந்து எடுத்தால் அது கோலம் போட்ட அம்மாவின் பேட்டர்ன். அவர் புள்ளி வைத்து, கம்பி இழுத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டார். நீங்கள் நகல்தான் எடுக்கிறீர்கள்.

அதே கோலத்துக்குக் காலை ஆறரை மணிக்குப் போய், தரையோடு தரையாகக் கேமராவை வைத்துப் பாருங்கள். அரிசி மாவில் போட்ட கோலம் என்றால் அதற்கு ஒரு தடிமன் உண்டு. தாழ்ந்த வெயிலில் ஒவ்வொரு இழையும் சின்ன வரப்பு மாதிரி ஒரு பக்கம் நிழல் விழ எழுந்து நிற்கும். மாவு அதிகமாக விழுந்த இடம், விரல் தயங்கிய வளைவு, எறும்பு வந்த வழி எல்லாம் தெரியும். ஒன்பது மணிக்கு அது மறுபடி தட்டையாகிவிடும்.

டெக்ஸ்சர் என்று நாம் சொல்வது பாதி பொருளில் இருக்கிறது, பாதி வெயிலின் சாய்வில் இருக்கிறது. வெயில் ஒரு பரப்பை உரசிக்கொண்டு போனால் சொரசொரப்பு தெரியும், முகத்தில் அடித்தால் தெரியாது. உச்சி வெயில் படத்துக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். தரைக்கும் முகத்துக்கும் அது சரி. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் பன்னிரண்டே கால் மணி வாக்கில் வெயில் செங்குத்தான சுவர்களை மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்கும். காலையில் வெறும் சுண்ணாம்புப் பரப்பாக இருந்த சுவரில் மட்டக்கட்டை இழுத்த தடம் வரை எழும்பி வரும். சில நிமிடங்கள்தான். ஒரு சுவரை மூன்று வேளை எடுத்துப் பாருங்கள், இதைப் பற்றி யாரும் உங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

எடுக்கும் முன் அந்தச் சுவரைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். ஜெர்மனியில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த மொஹோலி-நாகி முதற்கட்ட மாணவர்களைத் தொட்டுணரும் பலகைகள் செய்ய வைத்தார். சொரசொரப்பும் வழுவழுப்புமான பல பொருள்களை வரிசையாக ஒட்டி விரலால் படிப்பது. இன்று உலகெங்கும் வகுப்புகளில் நடக்கும் இந்த லைன், டெக்ஸ்சர் பயிற்சிகளில் அந்தப் பள்ளியின் கை உண்டு. விரலுக்குத் தெரிந்தது படத்தில் வந்திருக்கிறதா என்பதுதான் உங்கள் பழைய கதவுப் படத்தைச் சோதிக்கும் வழி. வண்ணம் உரிந்த கதவு எப்போதும் பார்க்க அழகாக இருக்கும், அதனாலேயே அது ஏமாற்றும்.

கலருக்கு வருகிறேன். மாட்டுத்தாவணியில் செவ்வந்தியையும் அரளியையும் எடுத்திருப்பீர்கள். மல்லிகையை எடுத்தீர்களா? மார்க்கெட்டில் நீலத் தார்ப்பாய் கட்டிய இடம் ஒன்றைத் தேடி, அதன் கீழே கொட்டி வைத்திருக்கும் மல்லிகையைப் பாருங்கள். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும், கேமராவில் நீலமாக வரும். நம் மூளை திருத்திக்கொள்கிறது, சென்சார் திருத்துவதில்லை. வெளிச்சத்தின் வண்ணத்தைத் தானாகச் சரிசெய்யப் பார்க்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் பாதி திருத்தி நடுவில் எங்கோ நிற்கும். அதை அணைத்து, பகல் வெளிச்ச அமைப்பில் வைத்து எடுங்கள். பொருளின் வண்ணம், அதன் மேல் விழும் வெளிச்சத்தின் வண்ணம் என்று இரண்டு இருப்பது அப்போது தெரியும். கலர் வாரத்தில் கற்க வேண்டியது இதுதான் என்பது என் எண்ணம். பத்து நிறப் பூவை ஒரே படத்தில் அடைப்பதில் கற்க அதிகம் இல்லை.

டோன், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரையுள்ள படிகள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படமெடுக்கப் பழகியது ஃபிலிமில், ஒரு ரோலுக்கு 36 படம். பாட்டி வீட்டு அடுப்படி, புகை படிந்து கன்னங்கரேல் என்றிருக்கும். அந்தக் கறுப்பும், அதன் முன்னால் தேய்த்து வைத்த பித்தளைக் குடமும் வேண்டும் என்று ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். பிரிண்ட் போட்டு வந்தால் சுவர் சாம்பல், குடம் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. கேமரா பழுது என்றே நினைத்தேன். வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும் அளவைத்தான் சொல்லும். கறுப்புச் சுவரைக் கறுப்பாகக் கொண்டுவர ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்) குறைக்க வேண்டும், மகால் தூண் போன்ற வெளிறிய சுதையை வெளுப்பாகக் காட்ட ஒரு ஸ்டாப்பாவது கூட்ட வேண்டும். இதை நான் கற்றுக்கொள்வதற்குள் பாட்டி கேஸ் அடுப்புக்கு மாறி, சுவருக்கு வெள்ளையும் அடித்தாகிவிட்டது. அந்தச் சுவர் என்னிடம் சாம்பலாகத்தான் இருக்கிறது.

போனில் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. இன்றைய போன்கள் பல படங்களைச் சேர்த்து நிழலை எல்லாம் தாமாகவே தூக்கிவிடும். இருட்டாக இருக்க வேண்டிய மூலை இருட்டாக இருக்காது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள்.

நீங்கள் எடுத்த அதே மகாலை 1858-ல் லின்னேயஸ் டிரைப் எடுத்திருக்கிறார். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1856-ல் நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரி. காகித நெகட்டிவ், மாட்டு வண்டியில் சாமான், நம் ஊர் வெயில். அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும், அதனால் வானம் மேகமே இல்லாமல் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சில நெகட்டிவ்களில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்த்தார். அரசாங்கத்துக்குக் கட்டடத்தின் ஆவணம்தான் தேவைப்பட்டது. வெறும் வெள்ளை வானத்தின் கீழே கோபுரம் கனமில்லாமல் நிற்பதை அவர் கண் ஒப்பவில்லை போலிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு காரியம் உங்கள் லைன் வாரத்துக்கு நேரடியாகப் பொருந்தும். கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். முழுக்கக் கோடுகள்தான், எழுத்து வரிசை வரிசையாக. அழகுக்காக எடுக்கவில்லை, எழுத்தைப் படிக்க வேண்டும் என்பதற்காக எடுத்தார். அந்தத் தேவைதான் கேமரா எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு தூரம், எந்த உயரம் என்பதை எல்லாம் முடிவு செய்தது.

உங்கள் தூண் படத்தில் அப்படி ஒரு தேவை இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். சாக் கோட்டுப் படத்தில் இருந்தது. உங்களுக்கு அந்தப் படம் ஏன் பிடித்திருக்கிறது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. அந்தக் கோடு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். அதன் மேல்தான் கத்தரி போகும். அரை இஞ்ச் தவறினால் பிளவுஸ் பிடிக்கும், துணியைத் திருப்பி வாங்க முடியாது. அப்பா போடும் நேர்கோட்டுக்கும் கைக்குழிக்கு வளைக்கும் கோட்டுக்கும் அவர் கை வேறு வேறு வேகத்தில் போகும் என்பது சிறு வயதிலிருந்து பார்த்த உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

எனவே மீதி வாரங்களை அந்த முன்னறையிலேயே செய்து பாருங்கள். முடிந்தால் முடித்துக் கொடுத்த வாரங்களையும் மறுபடி அங்கே செய்யுங்கள். ஒட்டுத்துணி மூட்டை, பாபின், பொத்தான் டப்பா, அயர்ன் போட்டதும் போடாததுமான துணி. லைனிங் துணியின் மங்கலான பளபளப்பும் பருத்தியின் பிசிறும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் எப்படி வேறுபடுகின்றன என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். பிளவுஸ் ஒன்று தட்டையான துண்டுகளிலிருந்து உடம்பின் வடிவத்துக்கு வருகிற வழியில் ஷேப்பும் (தட்டையான உருவம்) ஃபார்மும் (கனமுள்ள உருவம்) தாமாக வந்துவிடும். டெய்லர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டின் வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிளாக் அண்ட் ஒயிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டோன் வாரத்துக்கு உதவும். மற்றபடி அதை ஒரு விதியாக வைத்துக்கொள்ள வேண்டாம். சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடலாம். அப்பாவுக்கு நூல் மேட்ச் பார்ப்பதுதான் பாதி வேலை, அதை வண்ணம் இல்லாமல் எப்படிக் காட்டுவீர்கள்?

அந்தக் கலங்கிய படத்தை அழித்துவிடாதீர்கள். அதன் விவரங்களைத் திறந்து ஷட்டர் வேகம் என்ன என்று பாருங்கள். சாயங்காலம், வீட்டுக்குள், கிட் லென்ஸ் என்றால் 1/15 நொடி அல்லது அதைவிட மெதுவாக இருந்திருக்கும். அடுத்த முறை ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) தயங்காமல் ஏற்றி 1/125-ல் சில படங்கள் எடுங்கள், பிறகு 1/30-ல் சில. கோடு கூர்மையாகவும் கை லேசாகக் கலங்கியும் வந்தால் எனக்கு அது தவறாகத் தெரியாது. துணி அசையாமல் கிடக்கிறது, கைதான் போகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்காக மெதுவாகப் போடும்படி அப்பாவிடம் சொல்லாதீர்கள். பத்துப் பிளவுஸ் வெட்டட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

அன்புடன்.