உங்கள் குடும்பத்து வேட்டைப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுப்பீர்களா?

கேள்வி கேட்டவர், தம் பாட்டனார் வன்னியில் வேட்டையாடியவர் என்றும், அந்தப் பழக்கத்தில் எதைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, எதை விடுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி நெடுநாளாக இருந்துவருவதால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் துவக்கை (துப்பாக்கியை) கொடுக்கவில்லை. துவக்கைத் தொடுவதற்கு முன்னர் எனக்குக் கற்பிக்கப்பட்டவற்றைத்தான் கொடுத்துப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் உள்ளது. அப்பப்பாவின் நெற்காணி கடலேரிக்கு அக்கரையில், பூநகரியில் இருந்தது. காலபோகத்தில் (மாரிமழையில் விளையும் நெற்போகத்தில்) கதிர் பால்பிடிக்கும் நாட்களில் அவர் கேரதீவிலிருந்து பாதையில் ஏறிச் சங்குப்பிட்டிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குச் சென்று இராக்காவல் இருப்பார். (கடலேரியைக் கடக்க அங்கே ஓடிய மிதவையைத்தான் பாதை என்போம், சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல்தான் திறக்கப்பட்டது.) ஆகவே எங்கள் குடும்பத்தின் வேட்டை வயல் வரம்பில் தொடங்கியது. பன்றிக்கூட்டம் ஒன்று இறங்கினால் அது தின்பதைவிட உழக்கி அழிப்பதே அதிகம் என்பதையும், விடியும்போது ஒரு பரப்பு நெல் பாய்போலக் கிடப்பதைப் பார்க்கும் வயிற்றெரிச்சலையும் அறியாதவர்களுக்கு, அந்தக் காலத்து மனிதர் துவக்கு வைத்திருந்த காரணம் எளிதில் விளங்காது. மான் இறைச்சியும் மரை வத்தலும் அதன் பின்னர் வந்த ஆசைகள். அவற்றையும் அவர் சுட்டார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அவருடையது பன்னிரண்டாம் இலக்க ஒற்றைக்குழல் துவக்கு. குழலின் துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும் என்பதே அந்த இலக்கத்தின் பொருள் என்று, துவக்கைத் தொடவிடாமலே சொல்லித் தந்தார். அவருடைய தகப்பனாரிடம் இடியன் இருந்ததாம். மருந்து, தும்பு, சன்னம் என்று ஒவ்வொன்றாகக் குழலின் வாய்வழியே இட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டிய அந்தத் துவக்கில் முதல் வெடி தப்பினால் மறுவெடிக்கு விலங்கு காத்திருக்காது. அதனால் இடியன்காரர் நெடுநேரம் பார்த்திருந்தே சுட்டார்கள் என்றும், தோட்டா வந்த பிறகுதான் ஆட்களுக்கு அவசரம் வந்தது என்றும் அப்பப்பா குறைப்படுவார். அவரும் தோட்டாக்காரர்தான் என்பது வேறு கதை.

1974 இல், எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, முதன்முறையாக என்னைக் காவலுக்குக் கூட்டிச்சென்றார். அந்தப் போகம் முழுவதும் நான் துவக்கைத் தூக்கவில்லை. காற்றுப் பார்ப்பதே என் வேலை. விரல்நுனியால் அடுப்புச் சாம்பலைக் கிள்ளி விட்டு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல வேண்டும். (திருநீற்றை அப்படிப் பறக்கவிட்டால் அப்பாச்சி எங்கள் இருவரையும் வீட்டுக்குள் விட்டிருக்கமாட்டா.) காலையில் வரம்புச் சேற்றில் அடி பார்ப்போம். பன்றியின் அடியில் இரண்டு குளம்புகளுக்குப் பின்னே சிறு குளம்புகள் இரண்டும் அகலப் பதியும்; மானின் அடி ஒடுங்கி, முனை கூர்மையாக இருக்கும். அடியின் விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, அதற்குள் பனி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, எந்தச் சாமத்தில் வந்தது என்று கணிக்கச் சொல்வார். நான் பெரும்பாலும் பிழையாகவே சொன்னேன். அவர் திருத்தமாட்டார், அடுத்த நாளும் அதே கேள்வியைக் கேட்பார்.

மறுவருடம் வெறுந்துவக்கைத் தூக்கி நடக்க விட்டார். குழல் வானத்தைப் பார்க்க வேண்டும் அல்லது நிலத்தைப் பார்க்க வேண்டும். வேலி கடக்கும்போது மடித்துத் திறந்து, தோட்டாவைக் கையில் எடுத்துவிட வேண்டும். இவற்றையெல்லாம்விட அவர் ஓயாமல் சொன்னது ஒன்று: “சத்தத்துக்கு வெடி வைக்காதை. உருவம் முழுக்கத் தெரிஞ்சால்தான் விரல் உள்ளுக்குப் போக வேணும்.” இதை ஏதோ ஆதிகால வேட்டுவர் விதி என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். அவர் செத்த வீட்டு எட்டாம் நாளன்றுதான் அப்பாச்சி உண்மையைச் சொன்னா. நான் பிறப்பதற்கு முன், பற்றைக்குள் சரசரப்புக் கேட்டு அவர் வைத்த வெடி, பக்கத்துக் காணிக்காரரின் உழவு நாம்பன் மாட்டில் பட்டுவிட்டது. அதற்கு ஈடாக இரண்டு போகம் நெல் அளந்து கொடுத்திருக்கிறார். எனக்கு அவர் கற்பித்தவற்றுள் மிகவும் பயன்பட்டது, அவர் என்னிடம் ஒருபோதும் சொல்லாத அந்தக் கதையிலிருந்து வந்தது. கேள்வி கேட்டவருக்கு நான் முதலில் சொல்லக்கூடியதும் இதுதான்: உங்கள் பாட்டனார் வீழ்த்திய கொம்பனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன், அவர் விட்ட பிழைகளை வீட்டில் மூத்த பெண்களிடம் கேட்டு அறியுங்கள். அவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.

எங்களுடையது சைவ வீடு என்பதால் வேட்டை இறைச்சி குசினிக்குள் நுழைந்ததில்லை. வளவு மூலையில், மாமரத்தின் கீழ், அதற்கென்று வைத்திருந்த சட்டியில் ஆண்களே காய்ச்சுவார்கள்; வெள்ளிக்கிழமையிலும் விரத நாட்களிலும் அதுவும் இல்லை. ஆனால் சரஸ்வதி பூசையன்று புத்தகங்களுக்குப் பக்கத்தில் துவக்குக்கும் சந்தனப்பொட்டு வைக்கப்பட்டது. கோயில் புராணப் படிப்பில் கண்ணப்ப நாயனார் சரித்திரம் வந்தால் அப்பப்பா முன்வரிசையில் இருப்பார். முதுமையடைந்த நாகன் தன் மகன் திண்ணனைக் கன்னிவேட்டைக்கு அனுப்பும் இடத்தில், அந்த வேடர்கள் யானைக்கன்றைத் தொடரார், சிறு குட்டிகளைக் கொல்லார், கருவுற்ற பிணையை அலைக்கார் என்று பயன் (பொருள்) சொல்லப்படும்போது என்னைத் திரும்பிப் பார்ப்பார். கோடையில் மோட்டையில் (காட்டுச் சிறு நீர்நிலையில்) தண்ணீர் குடிக்க வரும் விலங்கைச் சுடக்கூடாது என்ற ஒன்றை அவரே சேர்த்துக்கொண்டார். மோட்டைக் கரையில் காத்திருந்து சுடுபவர்கள் அயலில் பலர் இருந்தார்கள். அவர்களோடு அவர் பங்கு இறைச்சி வாங்கமாட்டார்.

1984 இல் ஓர் இரவு, வீட்டுக்கு வந்தவர்கள் துவக்கைக் கேட்டார்கள். அப்பா எடுத்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புதுப்பித்த அனுமதிப்பத்திரம் மட்டும் அலுமாரியில் எஞ்சியது. அதன் பின் பிறந்த என் மகனுக்கு வெடிச்சத்தம் என்றால் பங்கருக்குள் ஓடுவதுதான். கையில் கெற்றப்போலோடு (கவணோடு) ஒரு பொடியன் வீதியில் நிற்பதற்கே தாய்மார் பயந்த காலத்தில் எந்த மரபை நான் கற்பிப்பது? 2000 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்து நடந்தபோது, முன்னே போகிறவரின் அடியிலேயே அடி வைத்து வரும்படி அவனுக்குச் சொன்னேன். விலங்கு அறியாமல் பின்தொடர்வதற்காக அப்பப்பா எனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை, மிதிவெடிக்காக நான் சொன்னேன்.

ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியின் மகன் நிலைமை வேறு. ஒன்ராறியோவில் வேட்டைக்கல்வி பயின்று தேறாமல் அனுமதி கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து பயிலுநராகச் சேரலாம். ஆனால் பயிலுநரும் வழிகாட்டும் பெரியவரும் தங்களுக்குள் ஒரே ஒரு துவக்கைத்தான் பகிரலாம். இதை அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூநகரியிலும் எங்கள் இருவருக்கும் ஒரு துவக்குத்தான் இருந்தது. “பெரியப்பா, இஞ்சையும் என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களோ?” என்று கேட்டான். போகலாம், துவக்கு இல்லாமல் என்றேன். அங்கே அவன் செய்வது சட்டத்துக்கு உட்பட்டது, அதில் எனக்குக் குறை இல்லை. இங்கே இலங்கையில் மானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். 1937 ஆம் ஆண்டிலிருந்து வந்து, பலமுறை திருத்தப்பட்ட கட்டளைச் சட்டம் இருக்கிறது. ‘எங்கள் பாட்டன் சுட்டார்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

கம்பியில் தட்டுப்பட்டால் தானே வெடிக்கும்படி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கையும், தீனிக்குள் மறைத்து வைக்கும் பன்றிவெடியையும் சிலர் வேட்டை மரபு என்று சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. கட்டுத்துவக்கு, கம்பியில் தட்டுப்படுவது பன்றியா, விறகு பொறுக்கப் போன மனிதரா என்று பார்ப்பதில்லை. பன்றிவெடியைக் கடித்துத் தாடை சிதைந்த யானைக்கன்றுகள் தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து சாகின்றன. உருவம் முழுக்கத் தெரிந்த பின்னரே சுட வேண்டும் என்று கற்ற வீட்டிலிருந்து ஒருவர் இவற்றை வைக்க முடியாது.

இப்போது மகளின் மகனுக்கு ஒன்பது வயது. வளவின் பின்வேலிப் பொட்டின் (ஓட்டையின்) அருகே மணலை அரித்துப் பரப்பி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடம் போகுமுன் அவன் அதைப் பார்த்து, கொப்பியில் எழுதுவான். கீரி, மரநாய், அயல்வீட்டுப் பூனை என்று இதுவரை மூன்று பெயர்கள் தேறியிருக்கின்றன. போன கிழமை ஓர் அடியைக் காட்டி நரி என்றான். எனக்கு அது நாயின் அடி போலத்தான் தெரிந்தது. ஆனாலும் நான் திருத்தவில்லை. எந்தச் சாமத்தில் வந்திருக்கும் என்று மட்டும் கேட்டேன். குந்தியிருந்து, அடியின் விளிம்பை விரலால் தொடாமல், கிட்டக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனான்.