பழைய ஆவணத்தில் "பிராவுஸ்டாட் மாவட்டம், போசன் மாகாணம்" என்று இருக்கிறது. இன்று இது போலந்தில் எந்த மாவட்டம்?

ஆவணம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆண்டு தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. யாருக்காகவோ ஒரு பிறப்புப் பதிவையோ திருமணப் பதிவையோ தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். "இன்றைய ஃப்ஸ்ஹோவா மாவட்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். பிராவுஸ்டாட் நகரத்துக்கு அது சரி. ஆனால் அந்த மாவட்டத்தில் இருந்த பல ஊர்களுக்கு அது தவறு.

முதலில் இடறும் இடம் 1887 அக்டோபர் 1. அதுவரை பிராவுஸ்டாட் கிரைஸ் (கிரைஸ் என்பது பிரஷ்ய மாவட்டம், அதன் தலைமை அதிகாரி லாண்ட்ராட்) பெரிய பரப்பு. லிஸ்ஸா (இன்றைய லெஷ்னோ) நகரமே அதற்குள்தான் இருந்தது. அன்று போசன் மாகாணத்தின் பல மாவட்டங்களை பிரஷ்ய அரசு உடைத்தது. லிஸ்ஸா தனி மாவட்டம் ஆனது; ரைசன், ஸ்டோர்ஹ்னெஸ்ட், ஷ்வெட்ஸ்காவ் ஆகிய சிறு நகரங்களும் அதோடு போயின. ஆக 1870-ஆம் ஆண்டுத் தாளில் "ரைசன், பிராவுஸ்டாட் மாவட்டம்" என்று இருந்தால், அந்த ஊர் இன்றைய ரிட்சினா. அது லெஷ்னோ மாவட்டத்தில், விய்யெல்கோபோல்ஸ்கா மாகாணத்தில் இருக்கிறது. ஃப்ஸ்ஹோவாவோ பக்கத்து லூபுஷ் மாகாணத்தில். அங்கே எழுதிக் கேட்டால் "எங்களிடம் இல்லை" என்றுதான் பதில் வரும்.

அடுத்து 1918. டிசம்பர் 27 அன்று போஸ்னானில் (ஜெர்மன் பெயர் போசன்) போலிஷ் எழுச்சி தொடங்கியது. 1919 பிப்ரவரி 16-இல் போர்நிறுத்தம். வெர்சாய் ஒப்பந்தம் 1920 ஜனவரி 10-இல் நடைமுறைக்கு வந்தபோது போசன் மாகாணத்தின் பெரும்பகுதி போலந்துக்குப் போனது. பிராவுஸ்டாட் நகரம் ஜெர்மனியில் தங்கியது, மாவட்டத்தின் ஒரு பகுதியும் லிஸ்ஸா நகரமும் போலந்துக்குச் சென்றன. ஜெர்மனியிடம் மிஞ்சிய துண்டுகளை ஒட்டி 1922-இல் "கிரென்ஸ்மார்க் போசன்-மேற்குப் பிரஷ்யா" என்ற புதிய மாகாணம் உண்டாக்கினார்கள். தலைநகர் ஷ்னைடமூல், இன்றைய பிவா. ஒன்றையொன்று தொடாத மூன்று துண்டுகள் சேர்ந்த மாகாணம் அது. தெற்குக் கோடியில் இருந்த சின்னத் துண்டுதான் பிராவுஸ்டாட்.

1938 அக்டோபர் 1-இல் அந்த மாகாணத்தையும் கலைத்தார்கள். வடதுண்டு பொமரேனியாவுக்கு, நடுத்துண்டில் இருந்த மெசெரிட்ஸ், ஷ்வெரின் மாவட்டங்கள் பிராண்டன்பர்க்குக்கு, பிராவுஸ்டாட் சைலீசியாவுக்கு. 1941-இல் சைலீசியா இரண்டானபோது அது கீழ்ச் சைலீசியாவில் விழுந்தது. இதில் ஒரு நன்மையும் உண்டு: தேதி கிழிந்துபோன தாளுக்குக்கூட மாகாணப் பெயரை வைத்துக் காலம் கணிக்கலாம். பிராவுஸ்டாட்டுடன் "போசன்" மட்டும் இருந்தால் 1920-க்கு முந்தையது. "கிரென்ஸ்மார்க் போசன்-மேற்குப் பிரஷ்யா மாகாணம்" என்றால் 1922 முதல் 1938 வரை. "சைலீசியா" என்றால் 1938 அக்டோபர் முதல் 1941 வரை. "கீழ்ச் சைலீசியா" என்றால் அதற்குப் பின், 1945 வரை.

பக்கத்தில் இருந்த போம்ஸ்ட் மாவட்டம் இதைவிடச் சிக்கல். அதன் தலைமையிடம் போம்ஸ்ட் நகரம் அல்ல, வோல்ஸ்டைன். 1920-இல் வோல்ஸ்டைன் போலந்துக்குப் போனது, போம்ஸ்ட் ஜெர்மனியில் நின்றது. 1938-இல் மிச்ச மாவட்டமும் கலைந்து சூலிஹாவ்-ஷ்வீபுஸ், குரூன்பெர்க் என்ற இரு மாவட்டங்களுக்குப் பிரிந்தது. 1939-இல் போலந்தை ஆக்கிரமித்த பின் நாஜி ஆட்சி வோல்ஸ்டைன், லிஸ்ஸா என்ற பெயர்களில் மீண்டும் கிரைஸ்களை அமைத்தது. அவை 1940 முதல் "வார்த்தெலாண்ட்" எனப்பட்ட பகுதியைச் சேர்ந்தவை. பெயர் ஒன்று என்பதற்காக 1910-ஆம் ஆண்டு லிஸ்ஸா மாவட்டத்தோடு 1942-ஆம் ஆண்டு லிஸ்ஸா மாவட்டத்தைக் கலக்காதீர்கள்.

போலந்து ஆட்சியில் பிராவுஸ்டாட் ஃப்ஸ்ஹோவா ஆனது. 1950-இல் புதிதாக உருவான சியெலோனா குரா மாகாணத்தில் இருந்தது. 1975-இல் போலந்து முழுக்கவே மாவட்ட அடுக்கை (போவியாட்) ஒழித்து 49 சிறு மாகாணங்களாக்கினார்கள். ஃப்ஸ்ஹோவா லெஷ்னோ மாகாணத்துக்குப் போனது. 1999 ஜனவரி 1-இல் மாகாணங்கள் 16 ஆகக் குறைந்தன, போவியாட்கள் திரும்பி வந்தன, ஆனால் ஃப்ஸ்ஹோவாவுக்குத் தனி மாவட்டம் கிடைக்கவில்லை. நோவா சூல் மாவட்டத்தில் வைத்தார்கள். தனி மாவட்டமானது 2002-இல்தான். 1999-க்கும் 2002-க்கும் இடையில் அச்சான பட்டியல்கள் நோவா சூல் என்று சொல்வது இதனால்தான், அது பிழை அல்ல.

இனி தேடும் முறை. பிரஷ்யாவில் அரசுப் பதிவு 1874 அக்டோபர் 1-இல் தொடங்கியது. அதற்குப் பிறகு பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிந்தது ஸ்டாண்டஸ்அம்ட் என்ற உள்ளூர்ப் பதிவு அலுவலகம், மாவட்டம் அல்ல. ஒரு ஸ்டாண்டஸ்அம்ட்டின் கீழ் பல கிராமங்கள் வரும். ஆகவே கிராமம், அதன் ஸ்டாண்டஸ்அம்ட், அந்த ஆண்டில் அது இருந்த கிரைஸ், இந்த வரிசையில் போங்கள். 1874-க்கு முன் என்றால் திருச்சபைப் பதிவேடுகள். கத்தோலிக்கர், லூத்தரன் என்று மதப் பிரிவு தெரியாமல் அங்கே நுழைய முடியாது, பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) எல்லையும் மாவட்ட எல்லையும் பொருந்தாது.

கிராமத்தைக் கண்டுபிடிப்பதில் இரண்டு வில்லங்கம். ஒரே பெயரில் கிராம ஊராட்சி ஒன்றும், பண்ணை நிலப்பிரிவு (கூட்ஸ்பெட்சிர்க்) ஒன்றும் தனித்தனி நிர்வாக அலகுகளாக இருக்கும். பண்ணைப் பிரிவுகளைக் கலைக்கச் சட்டம் வந்ததே 1927 டிசம்பரில். இரண்டாவது, மற்ற கிழக்கு மாகாணங்களில் 1872-ஆம் ஆண்டு மாவட்டச் சட்டப்படி "அம்ட்ஸ்பெட்சிர்க்" என்ற சிறு வட்டங்கள் வந்தன. போசனுக்கு அந்தச் சட்டத்தை பிரஷ்ய அரசு நீட்டவில்லை, உள்ளூர் அதிகாரம் போலிஷ் நிலவுடைமையாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம். அங்கே அரசு நியமித்த மாவட்ட ஆணையர்களின் காவல் வட்டங்களே தொடர்ந்தன. போசன் ஊருக்கு அம்ட்ஸ்பெட்சிர்க் தேடி நாளை வீணாக்காதீர்கள்.

போலந்துச் சட்டப்படி பிறப்புப் பதிவு 100 ஆண்டுகள், திருமணமும் இறப்பும் 80 ஆண்டுகள் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் இருக்கும், பிறகு அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். காப்பக எல்லையும் மாகாண எல்லையும் ஒன்றல்ல. இந்த ஊர்களுக்கு லெஷ்னோ, சியெலோனா குரா இரண்டு காப்பகங்களையும் பார்த்துவிடுங்கள். ஜெர்மனி எடுத்துச்சென்ற சில பதிவேடுகள் பெர்லினில் முதலாம் ஸ்டாண்டஸ்அம்ட்டில் இருக்கின்றன.

"ஜெர்மன் பெயரைச் சொல்வதே அரசியல்" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். "அது என்றுமே எங்கள் மண்" என்று இரு பக்கத்திலிருந்தும் வருவார்கள். யாருடைய மண் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தத் தாளை எழுதிய எழுத்தர் அன்று எந்தப் பெயரை எழுதினாரோ, அந்தப் பெயரில்தான் பதிவேடு அடுக்கப்பட்டிருக்கிறது. குடும்ப மர மென்பொருள்கள் 1850-இல் பிறந்தவருக்கும் தானாகவே இன்றைய மாகாணத்தை நிரப்பிவிடுகின்றன. அதை அழித்துவிட்டு அன்றைய பெயரை எழுதுங்கள், இன்றைய பெயரைக் குறிப்பில் தனியாகப் போடுங்கள்.

இதோடு ஒரு ஆதங்கம். உதவி கேட்பவர்கள் படத்தை வெட்டிப் போடுகிறார்கள். பெயர் இருக்கும் இரண்டு வரி மட்டும் தெரியும். மேலே பதிவு எண், ஊர், தேதி இருக்கும் அச்சுத் தலைப்பும் கீழே பதிவாளர் கையெழுத்தும் காணாமல் போயிருக்கும். ஓரத்தில் பின்னாளில் சேர்த்த குறிப்பு, வேறு அலுவலகத்தின் பெயரோடு, பல வேளை அங்கேதான் இருக்கும். முழுப் பக்கத்தையும் நான்கு ஓரமும் தெரியப் படமெடுத்துக் கேள்வியில் சேருங்கள். ஆண்டும் கிராமப் பெயரும் தெரிந்தால் இன்றைய மாவட்டத்தைச் சொல்லிவிடலாம்.