பள்ளிப்பட்டு அத்தையும் விக்டர் கோர்ச்னோயும் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நகரியில் விசைத்தறி வைத்திருக்கிறேன். போன மாதம் செஸ் ஆட்டக்காரர் விக்டர் கோர்ச்னோய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு ஒப்பவில்லை. சோவியத் நாட்டின் காசில் வளர்ந்து, அங்கேயே பட்டமெல்லாம் வாங்கி, கடைசியில் அந்த நாட்டை விட்டு ஓடி சுவிட்சர்லாந்துக்கு ஆடியவரை நீங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் கட்சி மாறுகிறவனுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் அமெரிக்க அணியைப் பார்த்தபோதே எனக்கு வெறுத்துவிட்டது. காசிருக்கிற நாடு யாரை வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் அது என்ன விளையாட்டு?

இதைக் கேட்க ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. என் மகனுக்குப் பதின்மூன்று வயது, செஸ் ஆடுகிறான். வாரம் இரண்டு நாள் திருத்தணிக்குப் போய்க் கற்றுக்கொள்கிறான். "ஆந்திராவில் இருந்தால் மேலே வர முடியாது, பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றிவிடுங்கள்" என்கிறார் கோச். என் அண்ணன் "சோறு போட்ட மண்ணுக்குத் துரோகம்" என்று குதிக்கிறார். இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கோர்ச்னோய். அவரை நல்லவர் என்று நான் எழுதவில்லை. முன்கோபி, தோற்றால் எதிராளியைத் திட்டுகிறவர். ஆனால் நீங்கள் சொல்கிற கணக்கு ஒரு பக்கம்தான். லெனின்கிராட் முற்றுகையில் பசியோடு பிழைத்த பையன் அவர். சோவியத் அரசு அவருக்குப் பயிற்சி கொடுத்தது, உண்மை. அவரும் நான்கு முறை சோவியத் சாம்பியன் ஆகி, ஒலிம்பியாடுகளில் அந்தக் கொடிக்குப் பதக்கங்கள் வாங்கிக் கொடுத்தார். அதுவரை பற்றும் வரவும் சரியாகத்தான் இருந்தது.

1974-ல், உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்கிற கேண்டிடேட்ஸ் இறுதிப்போட்டியில், இன்னொரு சோவியத் ஆட்டக்காரரான கார்ப்போவிடம் தோற்றார். 24 ஆட்டம், கார்ப்போவ் மூன்று, இவர் இரண்டு, மீதி 19 டிரா. நூலிழைதான். அடுத்த ஆண்டு உலக சாம்பியன் ஃபிஷர் ஆட மறுத்ததால் அந்தப் போட்டியே உலகப் பட்டத்துக்கான போட்டி போல ஆகிவிட்டது. இளைஞரான கார்ப்போவைத்தான் மேலிடத்துக்குப் பிடித்திருந்தது. தோற்றவர் சும்மா இருந்திருக்கலாம். யூகோஸ்லாவியப் பத்திரிகை ஒன்றிடம், கார்ப்போவ் அப்படியொன்றும் பெரிய ஆட்டக்காரர் இல்லை என்கிற மாதிரி வாயைவிட்டார். அவ்வளவுதான். வெளிநாட்டுப் போட்டிகள் நின்றன, உதவித்தொகை குறைந்தது. சக கிராண்ட்மாஸ்டர் பெட்ரோசியனே பத்திரிகையில் அவரைக் கண்டித்து எழுதினார். செஸ்காரனுக்குப் போட்டியை நிறுத்துவது, உங்கள் தறிக்கு மின்சாரத்தை நிறுத்துகிற மாதிரி.

1976-ல் ஆம்ஸ்டர்டாம் போட்டிக்கு அனுப்பினார்கள். இங்கிலாந்தின் டோனி மைல்ஸோடு சேர்ந்து முதலிடம். 'அரசியல் தஞ்சம்' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று அந்த மைல்ஸிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பார்கள். அதோடு திரும்பிப் போகவில்லை. அப்போது வயது 45. மனைவியும் மகனும் லெனின்கிராடில். கட்சி மாறுகிறவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டீர்களே, இதுதான் வித்தியாசம்: கட்சி மாறுகிறவனுக்குப் போகிற இடத்தில் பதவி காத்திருக்கும். இவருக்கு ஒரு நாடுகூடக் காத்திருக்கவில்லை. 1978-ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் கார்ப்போவோடு உலகப் பட்டத்துக்கு ஆடப்போனபோது, பக்கத்தில் சுவிட்சர்லாந்துக் கொடி வைக்கச் சொன்னார். அந்த நாட்டுக் குடிமகனே இல்லை, எப்படி வைக்கலாம் என்று சோவியத் தரப்பு மறுத்தது.

அந்த பாகியோவுக்கு அவர் வந்த வழியைப் பாருங்கள். பெட்ரோசியன், போலுகாயெவ்ஸ்கி, ஸ்பாஸ்கி. மூன்று பேரும் சோவியத் ஆட்கள், மூன்று பேரையும் வரிசையாக வென்றார். பாகியோவில் வெற்றிக் கணக்கில் 5-2 என்று பின்தங்கி, 5-5 வரை இழுத்துக்கொண்டு வந்து, 32-வது ஆட்டத்தில் தோற்றார். நடுவில் நடந்த கூத்தையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியம் மகன் ஈகோர்தான். வெளியே விடாமல், ராணுவத்துக்குக் கூப்பிட்டு, போகாததற்காகச் சிறை முகாமில் அடைத்தார்கள். 1981-ல் இத்தாலியின் மெரானோவில் கார்ப்போவிடம் மறுபடி ஆடித் தோற்றபோது பையன் உள்ளேதான் இருந்தான். அடுத்த ஆண்டுதான் விட்டார்கள். துரோகம் என்ற சொல்லை இந்தக் கதையில் எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்குக் குழப்பமே இல்லை.

மீதி வாழ்க்கை முழுக்க சுவிஸ் ஆட்டக்காரர். 2011-ல் எண்பது வயதில் அந்த நாட்டின் தேசிய சாம்பியன்! 2016-ல் அங்கேயே இறந்தார்.

சரி, இனி நம் பக்கம். என் அப்பாவின் அத்தை பள்ளிப்பட்டில் வாழ்ந்தார். 1953 வரை சென்னை மாகாணம். அக்டோபரில் ஆந்திர மாநிலம். 1956-ல் ஆந்திரப் பிரதேசம். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியோடு சேர்ந்து மறுபடியும் சென்னை. 1969-ல் தமிழ்நாடு. இத்தனைக்கும் அத்தை வாசல் திண்ணையை விட்டு நகரவில்லை. நகரியில் இருந்த அவர் அண்ணன் கடைசிவரை ஆந்திராக்காரர். சத்தியவேடு எதிர்ப்பக்கம் போனது. இதில் யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள்?

செஸ்ஸிலும் இந்த அத்தை உண்டு. பால் கெரெஸ். ரஷ்யப் பேரரசில் 1916-ல் பிறந்தார். எஸ்டோனியா தனி நாடானது. அதற்காக ஆடி 1939 ஒலிம்பியாடில் மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். மறு ஆண்டு சோவியத் அந்த நாட்டை விழுங்கியது. அப்புறம் சோவியத் அணிக்காக ஏழு ஒலிம்பியாட் தங்கம். சோவியத் உடைந்த பிறகு எஸ்டோனியா தன் ஐந்து குரோன் நோட்டில் அவர் படத்தைத்தான் அச்சடித்தது. 'எதிராளிக்கு ஆடினாயே' என்று யாரும் கேட்கவில்லை.

மாமல்லபுரம் விஷயத்தில் நான் பாதி உங்கள் கட்சி. அந்த அமெரிக்க அணியில் அரோனியன் ஆர்மீனியாவிலிருந்து வந்தவர், வெஸ்லி சோ பிலிப்பைன்ஸிலிருந்து, டொமிங்குவெஸ் கியூபாவிலிருந்து. அமெரிக்காவிலேயே பிறந்த கருவானாகூட இடையில் பத்து வருடம் இத்தாலிக்கு ஆடியவர். எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த அணி ஐந்தாவதாக வந்தது. அரோனியன் இல்லாத ஆர்மீனியா வெள்ளி வாங்கியது! இன்னொன்றும் பாருங்கள். சோ 2013-ல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் தங்கம் வென்று ஊர் திரும்பினார். இந்தப் போட்டி பரிசுக்குரிய பட்டியலில் இல்லை என்று சொல்லி அவருக்குப் பரிசுத் தொகை கொடுக்கவில்லை. அடுத்த வருடமே மாறிவிட்டார். அமெரிக்கா வாங்கியது என்கிறோம். அதற்கு முன்பே இந்தப் பக்கம் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

உங்கள் மகன். நாடு மாறுவதையும் மாநிலப் பதிவு மாறுவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் அவன் ஆடப்போவது இந்தியாவுக்குத்தான். அண்ணனிடம் பள்ளிப்பட்டு அத்தை கதையைச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்குவார். கோச்சிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆந்திராவில் மேலே வர முடியாது என்றால், குண்டூர் ஹரிகிருஷ்ணா 2001-லும் கொனேரு ஹம்பி 2002-லும் கிராண்ட்மாஸ்டர் ஆனது எப்படி? ஹாரிகாவும் குண்டூர்தான். தமிழ்நாட்டில் போட்டி அதிகம், நல்ல எதிராளிகள் அதிகம் என்று அவர் சொன்னால் அது நியாயமான காரணம், யோசியுங்கள். மண் சரியில்லை என்றால் நம்பாதீர்கள். எப்படி முடிவு செய்தாலும், பழைய பக்கத்தில் சொல்லிவிட்டு, காகிதத்தை ஒழுங்காக முடித்துவிட்டுப் போங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் கோச் சொன்னது இருக்கிறது, அண்ணன் சொன்னது இருக்கிறது, அமெரிக்காகூட இருக்கிறது. பையன் என்ன சொன்னான் என்பது எங்கேயும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரகுப்பத்தில் எங்கள் வீட்டில்தான் இருப்பேன். கூட்டிக்கொண்டு வாருங்கள். பலகை இருக்கிறது, கடிகாரம்தான் ரிப்பேர். அவனுடையதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.